பஸ் போர்டு எழுத்து

நான் எங்கள் வீட்டில் நான்காவது பெண். மூன்று அக்காக்களுக்கு அழகழகாகப் பெயர் வைத்த அப்பா, என் முறை வந்ததும் அலுத்துப்போய் போதும்பொண்ணு என்று வைத்துவிட்டார். இனிமேலாவது பையனைக் கொடு என்று சாமிக்கு ஒரு மனு. சாமி படித்த மாதிரி தெரியவில்லை. வகுப்பில் என் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் சிரித்தவர்கள்தான் மிச்சம்.

என் மகள் வெற்றிச்செல்விக்கு அடுத்த மாதம் காதுகுத்து. அதற்குள்ளேயே என் மாமியார் காத்தாயி ஆரம்பித்துவிட்டார்.

"சபையில வச்சே வேண்டிக்கப் போறேன். அடுத்தது பையன். அதுவும் பொட்டப்புள்ளையாப் போச்சுன்னா ஒம் பேரயே வச்சிருவோம்."

என்னைச் சொன்னால் பொறுத்துக்கொள்வேன். இன்னும் பிறக்காத பிள்ளைக்குமா என் பெயர்? எனக்கு ஒரு மகள் போதும். என் வீட்டுக்காரர் செந்தில்குமாரும் அதையேதான் சொல்வார், அவர் அம்மா இல்லாத இடத்தில்.

ஆத்திரத்தோடு பெரம்பலூர் போய், பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மாடியில் இருக்கும் டாட்டூ கடையில் ஏறினேன். கடைக்காரர் அறிவழகன் கம்ப்யூட்டரில் என் பெயரை அடித்து, விதவிதமான எழுத்தில் காட்டினார். ஒன்றில் எழுத்துக்கெல்லாம் வால். இன்னொன்றில் புள்ளி வைக்கிற இடமெல்லாம் பூ. என் பெயரே எனக்குப் படிக்க வரவில்லை.

"பொண்ணுங்க இதத்தாங்க்கா கேப்பாங்க."

"ரொம்ப நெளியுது தம்பி. பஸ்ஸு போர்டுல எழுதுவாங்கல்ல, அந்த எழுத்து போடுங்க."

"துறையூர், அரியலூர்னு எழுதுற மாதிரியா? கைக்கு அழகா இருக்காதுங்க்கா."

"அழகு யாருக்கு வேணும்? எங்க மாமியாருக்குப் படிக்கத் தெரிஞ்சது பஸ் போர்டு ஒண்ணுதான். அதுவும் எழுத்துக் கூட்டித்தான்."

தடித்து நிமிர்ந்த எழுத்தில் என் பெயர் திரையில் வந்தது.

"இப்ப அத ரெண்டாப் பிரிச்சு, பின்னாடி இருக்கறத முன்னாடி போடுங்க."

மாற்றினார். படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கொஞ்சம் பெருசாவே குத்திருவோங்க்கா."

காதுகுத்து வரைக்கும் முழுக்கைச் சுடிதாரிலேயே காலத்தை ஓட்டினேன்.

தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். எனக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. "மடி குடுக்க ஒரு ஆம்பள இல்லாத வூட்டுல பொண்ணெடுத்தேன் பாரு," என்று பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார் மாமியார். நான் போய் மணையில் உட்கார்ந்தேன். மகளை என் மடியில் வைத்து, அதுவரை முந்தானைக்குள் மறைத்திருந்த முன்கையால் அணைத்துக்கொண்டேன். ஆசாரி ஒரு காதைக் குத்தி முடித்தார்.

"என்னடி அது கையில?"

"படிச்சுப் பாருங்க அத்த."

அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் தெரியாது என்று சொல்ல அவருக்கு ரோஷம் விடவில்லை. குனிந்தார்.

"பொ... ண்... ணு... போ... து... ம்." நிமிர்ந்து, படித்துவிட்ட பெருமையில் சத்தமாகவே சொன்னார்: "பொண்ணு போதும்!"

சொன்னது என்னவென்று அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

"ஆமாம்மா, போதும்," என்றார் செந்தில்குமார், அவர் அம்மா இருக்கும் இடத்திலேயே.

நான் ஆசாரியைப் பார்த்தேன்.

"எங்க அத்தையே சபையில சொல்லிட்டாங்க. நீங்க அடுத்த காதக் குத்துங்க."