வண்டிக்குள் உட்கார்ந்த ரசிகர்கள்

வில்லோஃபோர்டில் யாரைக் கேட்டாலும் பேட்ஜர்ஸ் ஐஸ் ஹாக்கி அணிக்குப் பயிற்சியாளரைவிட நன்றாகப் பயிற்சி கொடுப்பார்கள். கேட்காவிட்டாலும் கொடுப்பார்கள். அதற்கென்றே கெர்ரிலினின் காப்பிக் கடையில் ஜன்னலோர மேசை ஒன்று இருந்தது. அன்று காலை அதில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்: கடுகு விவசாயி டெல்பர்ட், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஓரெஸ்ட், அப்புறம் மார்லிஸ்.

முந்தைய நாள் ஆட்டத்தில் ஊர்ப் பையன்கள் கூடுதல் நேரத்தில் ஒரு கோல் போட்டு ஜெயித்திருந்தார்கள். ஜூனியர் லீக் அரையிறுதியில், ஏழு ஆட்டத் தொடரில், இப்போது மூன்றுக்கு மூன்று. நாளை மாலை இதே ஊரில் கடைசி ஆட்டம். சந்தோஷப்பட வேண்டிய மூவரும் எழவு வீட்டுக்கு வந்தவர்கள்போல் இருந்தார்கள். காரணம், கிளப் ஒட்டியிருந்த அறிவிப்பு. புது அரங்கம் கட்டிய ஒரு நகரம் அணியைத் தனக்குக் கேட்கிறதாம். நாளைக்கு வாசலில் எண்ணுகிற கணக்கில் எண்ணூறு தலையாவது தேறாவிட்டால் அணியைக் கொடுத்துவிடுவார்களாம். நேற்று வந்தது இருநூற்றுச் சொச்சம்.

மற்ற இருவருக்கும் இது மானப் பிரச்சினை. மார்லிஸுக்கு வீட்டுப் பிரச்சினை. வெளியூரிலிருந்து ஆட வரும் பையன்களைக் குளிர்காலம் முழுக்க உள்ளூர்க்காரர்கள் வீட்டில் வைத்துச் சோறு போடுவது இங்கே வழக்கம். புருஷன் போன பிறகு வருஷத்துக்கு ஒருவன் அவள் வீட்டில் இருந்திருக்கிறான். இந்த வருஷம் கோல்கீப்பர் ரீஸ். அவன் காலுறை நாறுகிறது, பால் நிற்பதில்லை, முப்பது பெரோகிக் கொழுக்கட்டை வேகவைத்தால் தனக்கு மூன்றுதான் மிஞ்சுகிறது என்று ஊரெல்லாம் புலம்புவாள். அவன் போய் இன்னொருவன் வராவிட்டால் அந்த வீட்டில் சத்தம் போட குளிர்சாதனப் பெட்டி மட்டும்தான் இருக்கும்.

"இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் வெக்கமே இல்ல," என்றார் டெல்பர்ட். "பையனுங்க உசிரக் குடுத்து ஆடுறானுங்க. பாக்க ஆளில்ல."

மார்லிஸும் சேர்ந்துகொண்டு திட்டினாள். திட்டியிருக்கக் கூடாது. ஏனென்றால் தொடரின் முதல் ஆட்டத்துக்கு மட்டும்தான் அவள் உள்ளே போனாள். அன்று ஆறு கோல் வாங்கி, ரீஸைப் பாதியில் வெளியே அழைத்துவிட்டார்கள். தன் ராசிதான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அதிலிருந்து ஆட்ட நேரத்துக்கு அணியின் கழுத்துத்துணியைச் சுற்றிக்கொண்டு கிளம்புவாள், அரங்கத்து வாகன நிறுத்தத்தில் வண்டியைப் போடுவாள், உள்ளேயே உட்கார்ந்து வானொலி கேட்பாள். அதற்குப் பிறகு அணியும் மூன்று ஆட்டம் ஜெயித்தது. சுற்றிலும் நிறைய வண்டிகள் எஞ்சின் ஓட நின்றன, கண்ணாடியெல்லாம் உறைபனி. அந்தக் குளிரில் எவன் எஞ்சினை அணைப்பான்? சூடு ஆறாமலிருக்க ஓடவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள் என்று இருந்துவிட்டாள்.

பேச்சு நேற்றைய கோலுக்குத் திரும்பியது. ஆஸ்லர் புயல் மாதிரி வந்தான் என்றார் ஓரெஸ்ட். இடப்பக்கம் ஒரு வெட்டு வெட்டினான் என்றார் டெல்பர்ட். வலையே கிழிந்துபோயிற்று என்று மார்லிஸ் முடித்தாள். காப்பி ஊற்றிக்கொண்டிருந்த கெர்ரிலின் கையை நிறுத்தினாள்.

"கோல் போட்டது ஆஸ்லரா?"

"அவனேதான். என் கண்ணால பாத்தேன்," என்றார் டெல்பர்ட்.

"அவன் கை முறிஞ்சு ரெண்டு வாரம் ஆச்சு. நேத்து பூரா அரங்கத்துல நான் காப்பி விக்கிற எடத்துல, கட்டுப்போட்ட கையோட என் பக்கத்துல நின்னு குலுக்கல் சீட்டு வித்துக்கிட்டிருந்தான். நானே ரெண்டு வாங்கினேன்."

கோல் போட்டவன் பெட்ரி என்ற இன்னொரு பையன். மூக்கு உடைந்து அவன் சட்டையில் ரத்தம் கொட்டிவிட்டது. ரத்தம் பட்ட சட்டையோடு ஆடவிட மாட்டார்கள். சும்மா கிடந்த ஆஸ்லரின் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினான். உள்ளே இருந்த இருநூறு பேரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். வானொலிக்காரர் மட்டும் முதுகில் இருந்த எண்ணைப் பார்த்துக் கடைசிவரை ஆஸ்லர் ஆஸ்லர் என்று கத்தித் தீர்த்துவிட்டார்.

தேள் கொட்டிய திருடர்களாக மூவரும் காப்பிக் கோப்பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

"அப்போ நீங்க மூணு பேரும் எங்க இருந்தீங்க?" என்றாள் கெர்ரிலின்.

முதலில் வாய் திறந்தவர் ஓரெஸ்ட். தான் இருக்கையில் உட்கார்ந்தாலே எதிராளி கோல் போட்டுவிடுகிறான், அதனால் வண்டியிலேயே இருந்துவிடுவதாக ஒப்புக்கொண்டார். டெல்பர்ட் கொஞ்சம் இருமிப் பார்த்தார், பலிக்கவில்லை.

"மார்லிஸு வண்டிக்குப் பக்கத்துல நின்னதே என் வண்டிதான்," என்றார் கடைசியில். "அவ அரங்கத்துக்குள்ளதான் இருக்கான்னு நெனச்சேன்."

கெர்ரிலினுக்கு அப்போதுதான் விளங்கியது. நேற்று குப்பை கொட்ட வெளியே போனபோது வண்டி நிறுத்த இடமே இல்லையாம். அரங்கத்துக்குள் மட்டும் காக்கை குருவி இல்லை.

அப்புறம் யார் உள்ளே போவது என்று சண்டை வந்தது. ஒவ்வொருவரும் அடுத்தவரை உள்ளே தள்ளிவிட்டுத் தான் வண்டியில் இருக்கப் பார்த்தார்கள். யார் ராசி அதிக மோசம் என்று போட்டியே நடந்தது. தான் கல்யாணத்துக்குப் போனால்கூட மழை வரும் என்றார் ஓரெஸ்ட். கெர்ரிலினுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஜெயிச்சிட்டு டீமு ஊரவிட்டுப் போயிருச்சுன்னா, அப்புறம் யாருக்காக வண்டியில உக்காருவீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் மாலை மார்லிஸ் வழக்கமான இடத்தில்தான் வண்டியை நிறுத்தினாள். புத்தி உள்ளே போ என்றது, பயம் உட்கார் என்றது. பெட்ரியை இம்முறை பெட்ரி என்றே சொன்ன வானொலிக்காரர், கூட்டம் இன்றும் கொஞ்சம்தான் என்று வருத்தப்பட்டார். அதைக் கேட்டதும் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஊர்மேல் பாதி, தன்மேல் பாதி. எஞ்சினை அணைத்தாள். பனி சுரண்டும் கட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

பக்கத்து வண்டியின் கண்ணாடியைச் சுரண்டினாள். டெல்பர்ட்டின் முகம் தெரிந்தது. அடுத்ததில் ஓரெஸ்ட். அதற்கடுத்ததில் பாதிரியார், மடியில் ஒரு பை சோளப்பொரியுடன். அப்புறம் வங்கி மேலாளர், அவர் மனைவி, மனைவியின் அம்மா. வரிசையாகத் தட்டத் தட்டக் கண்ணாடிகள் இறங்கின. ஒவ்வொருவரும் அணி தன் ஒருவரால்தான் தோற்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

"உங்க ராசி ஒண்ணும் அவ்வளவு பெருசில்ல. இறங்குங்க," என்றாள் மார்லிஸ் எல்லோரிடமும்.

ஊர் கூடித் தேரிழுக்கக் கிளம்பியதுபோல் ஜனம் வாசலுக்கு நடந்தது. தலை எண்ணுகிற அம்மாள், எண்ணும் கருவியை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் வலிக்க, இடையில் கை மாற்றிக்கொண்டாள். ஆட்டத்தின் மூன்றாவது, கடைசிப் பகுதியில் ஒலிபெருக்கி கணக்கைச் சொன்னது: தொள்ளாயிரத்தைத் தாண்டிவிட்டது. அரங்கம் அதிர்ந்தது. தங்கள் அணி ஏதோ கோல் போட்டுவிட்டதாக நினைத்து பெட்ரி கையைத் தூக்கினான்.

கோல் விழுந்தது கூடுதல் நேரத்தில். எங்கிருந்தோ எதிராளி சும்மா தள்ளிவிட்ட வட்டு, மூன்று வயதுப் பிள்ளைகூடத் தடுத்திருக்கும், ரீஸின் காலுக்குப் பக்கத்தில் ஊர்ந்து உள்ளே போய்விட்டது. தொடர் முடிந்தது. பிறகு எல்லோரும் எழுந்து நின்று வெகுநேரம் கைதட்டினார்கள். மார்லிஸ் மட்டும் தட்டவில்லை. கழுத்துத்துணியை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

உடை மாற்றும் அறைக்கு வெளியே கூட்டத்தோடு நின்றாள். ரீஸ் ஈரத் தலையோடு வந்தான்.

"நான் வந்திருக்கவே கூடாதுப்பா. என் ராசி அப்படி," என்றாள்.

"மொத ஆட்டத்துக்கப்புறம் உங்க சீட்டு காலியாவே இருந்துச்சு, மார்லிஸம்மா. நான் ஆறு கோல் விட்டேன்ல, அதான் பாக்கப் பிடிக்கலன்னு நெனச்சிக்கிட்டேன். இன்னிக்கு நிஜமாவே இருக்கீங்களான்னு ஒரு தடவ திரும்பிப் பாத்தேன். அந்த நேரத்துல உள்ள போயிருச்சு."

"அப்போ என்னாலதான்," என்றாள் மார்லிஸ்.

"ஆமா, உங்களாலதான்," என்று சிரித்தான். "அடுத்த வருஷம் மொத ஆட்டத்துலருந்தே வந்து உக்காருங்க. அப்புறம் நான் ஏன் திரும்பிப் பாக்கப்போறேன்?"

மார்லிஸ் அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதாள். தோற்றதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்த டெல்பர்ட், பக்கத்தில் வந்து அவள் தோளைத் தட்டி, தப்பெல்லாம் தன் பேரில்தான், அடுத்த வருஷம் தான் வண்டியைவிட்டு இறங்கவே போவதில்லை என்று சத்தியம் செய்து கொடுத்தார்.