உயிரூட்டும் திட்டம்

பழைய நகரத்தின் நடுச் சதுக்கத்துக்கு உயிரூட்டப் போகிற கட்டிடத்தை வடிவமைத்தவர், அந்தச் சதுக்கத்தைப் பார்த்தது ஒரே ஒரு விடுமுறை நாளில், காலை ஆறு மணிக்கு. ஆள் குறுக்கே வந்தால் புகைப்படம் கெட்டுவிடுமாம். ‘இங்கே உயிரே இல்லை’ என்று அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதிவிட்டார்.

கீழே கடைகள், நடுவில் நூலகம், மேலே அரங்கம், வாசல் வளைவில் நீரூற்று. அவரிடம் படம் வரையும் பெண் வளைவை அளக்க ஒரு நண்பகலில் போனாள். கால் வைக்க இடமில்லாத கூட்டம். நீரூற்று வரவேண்டிய இடத்தில் ஓர் அக்கா பைகளுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா அளக்குற? எனக்கு சமாதியா?”

“இங்க ஃபவுண்டன் வருதுக்கா.”

“வரட்டும். பத்தொம்பது வருஷமா எனக்கு வேர்த்த இடம், இனிமேலாவது குளிரட்டும்.”

அக்கா சிரித்தபடியே இவளுடைய பையைப் பிடுங்கி, அறுந்த வாரைத் தைத்துக் கொடுத்தாள்.

அலுவலகத்தில் வடிவமைத்தவரிடம் அந்தப் பெண் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். “சார், அங்க ஏற்கெனவே நிறைய ஜனங்க இருக்காங்க.”

“அது ஜனம்மா. நான் சொல்றது உயிரோட்டம். படத்துல ஒரு நாப்பது பேரை ஒட்டிடு. பலூன் புடிச்ச குழந்தை, நாய் புடிச்ச பொண்ணு, அந்த மாதிரி.”

நாற்பது பேரை ஒட்டினாள். எல்லாரும் சதுக்கத்து ஆட்கள். அனுமதி கேட்டு அவள் படம் பிடித்து வந்தவர்கள். நீரூற்றை அழித்துவிட்டு அங்கே ஜிப் அக்காவை உட்காரவைத்தாள். வேலை போனால் கடவுள் விட்ட வழி. தன் தூண்களைத் தவிர வேறெதையும் பார்த்துப் பழக்கமில்லாத சார் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

நகரசபைக் கூட்டத்தில் தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தின் மேல் குனிந்தார். “அட, நம்ம ஜிப் அக்கா! இவங்களைத் தூக்கிடுவீங்கன்னுல்ல பயந்துட்டு வந்தேன்!”

சார் அப்போதுதான் படத்திலிருந்த அக்காவை முதன்முதலாகப் பார்த்தார்.

“அவங்கதான் மேடம் இந்த டிசைனுக்கே உயிர்” என்றார். குரல்கூட லேசாகத் தழுதழுத்தது. பொய்யிடமும் வேலை வாங்கத் தெரிந்தவர் கடவுள்.

மறுநாள், “அந்தம்மாவுக்கு எவ்வளவு இடம் வேணும்னு கேட்டுட்டு வா” என்று படம் வரைபவளை அனுப்பினார். அந்தக் கட்டிடத்துக்காக அவர் யாரிடமாவது எதையாவது கேட்டது அதுவே முதல் தடவை.

அக்கா ஊசியை நிறுத்தி யோசித்தாள். “எனக்கு இது போதும்மா. காத்துக் கிடக்குறவங்கதான் பாவம் நின்னுட்டே இருக்காங்க. ஒரு பெஞ்சு போடுவாங்களா?”

அவள் பெஞ்சை வரைந்தாள். நான்கு பேர் தாராளமாக உட்காரலாம்.