ஒரு டாலர் முன்பணம்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒருத்தி அழுதுகொண்டே பாதியைச் சொன்னாள். ஒருவன் சிரித்துக்கொண்டே மீதியைச் சொன்னான். இருவருமே கடைசியில் "யார்கிட்டயும் சொல்லாதே" என்றார்கள். இப்போது இரண்டையும் சேர்த்து உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுதுகிறவனை நம்பி வாய் திறந்தால் இதுதான் கதி.

இன்று திங்கள்கிழமை, பகல் பன்னிரண்டு பத்து. மூன்று மணிக்குள் இதை முடித்தாக வேண்டும். ஏன் என்பது போகப்போகத் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு எழுதும் அளவுக்குத் திறமை இல்லை.

2

முதல் தொடக்கம்: "லாடர்டேல் துறைமுகத்தின் வாயில், கால்வாயைப் பார்த்தபடி ஒரு பதினேழு மாடிக் கட்டடம். அதன் ஆறாவது மாடியில், காற்றோட்டமான..." [வீட்டுத் தரகர் விளம்பரம் மாதிரி வருகிறது. விட்டுவிட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: "வெர்னா ஹோல்கோம்புக்கு எழுபத்தொரு வயது. பயம் என்றால் என்னவென்றே அவளுக்குத்..." [பொய். நான்கு நாளாக அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.]

மூன்றாவது: "வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நீச்சல் குளத்துப் பக்கம் போனால் வெர்னாவைப் பார்க்கலாம்." இதில் பொய் இல்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நீச்சல் குளத்துப் பக்கம் போனால் வெர்னாவைப் பார்க்கலாம். குடை நிழலில் ஒரு மேசை, மஞ்சள் தாள் அட்டை, மூக்கில் வழுக்கும் கண்ணாடி, சர்க்கரை போடாத ஐஸ் டீ. எங்கள் கட்டடத்தில் பாதிப் பேர் கப்பல் பைத்தியங்கள். கம்பெனிகள் அனுப்பும் சலுகைக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக அவள் முன்னால் வந்து உட்காருவார்கள்.

"விலையைப் பாக்காதே டெல்மா. ராத்திரிக்கு எவ்வளவுன்னு பாரு. துறைமுக வரி சேத்தியா? டிப்ஸ்? 'குடி இலவசம்'னு போட்டிருக்கானே, அதுக்கும் தனியா டிப்ஸ் பிடிப்பான், தெரியுமா?"

"அய்யோ, அப்ப இது மலிவு இல்லையா?"

"மலிவுதான். அவனுக்கு."

பச்சைப் புகைபோக்கிக் கம்பெனி* விலையை இறக்கினால், மறுநாளே சாம்பல் புகைபோக்கிக் கம்பெனி வைஃபை இலவசம் என்பான். இவன் ஃப்ளோரிடாவாசிகளுக்குத் தனி விலை என்றால், அவன் ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்குத் தனி விலை என்பான். இந்தச் சண்டைக்கு நடுவில் நின்று சிந்துவதைப் பொறுக்குவதில் வெர்னாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் பேச்சைக் கேட்டுத்தான் நானும் என் மனைவியும் இரண்டு முறை போய்வந்தோம்.

(* கம்பெனிப் பெயர்களைச் சொன்னால் வம்பு. புகைபோக்கி நிறம் போதும், அந்த நிறமும் என் கற்பனை. இன்னொன்று: இங்கே எழுபது வயதானாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அதனால் அவள், அவன் என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவென்று நினைக்க வேண்டாம்.)

அவள் கணவன் ஹார்லன், ஒஹாயோவில் பள்ளிக்கூட பஸ்களை முப்பது வருடம் ரிப்பேர் பார்த்தவன். போன நவம்பரில் இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். ஜனவரியில் மாத்திரையின் அளவை மாற்றினார்கள். ஸ்டென்ட் வைத்ததிலிருந்தே பால்கனி நாற்காலியே கதியென்று இருந்தான். சாயங்காலம் நான்கு மணிக்குக் கப்பல்கள் வரிசையாக எங்களைக் கடந்துதான் கடலுக்குள் போகும். எங்கள் கட்டடத்தார் யாராவது அதில் போனால், மற்றவர்கள் பால்கனியில் நின்று மாட்டுமணி அடிப்பது வழக்கம். கப்பலும் பதிலுக்கு ஊதும். இரண்டு மாதத்துக்கு மேலாக ஹார்லன் ஊராருக்கெல்லாம் மணி அடித்துக்கொண்டிருந்தான்.

"வெர்ன், ஒரு தடவையாவது நமக்கு யாராவது அடிக்கணும்டி" என்றான் ஒருநாள்.

அன்றைக்கே அவள் பச்சைக் கம்பெனியில் பதிவு செய்தாள். பத்து ராத்திரி, பால்கனி அறை, இருவருக்கும் சேர்த்து 2,906 டாலர். டாக்டரும் போகலாம் என்றார், காப்பீடு மட்டும் கட்டாயம் என்றார். அதையும் அன்றே எடுத்தாள். கதை இங்கேயே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

4

ஜோனெல் என்ற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. மூன்றாவது மாடிக்காரி, பல் டாக்டரின் விதவை. சரியான நேரத்தில் வந்து சரியான ஊசியைக் குத்திவிட்டுப் போகிறாள். கதைக்காக நான் செய்துவைத்த ஆள் போலத் தெரிகிறாள். ஆனால் உண்மையில் வந்தாள், குத்தினாள், போனாள். நான் என்ன செய்ய?

"அதே பத்து ராத்திரி, அதே பால்கனி. சாம்பல்காரன்கிட்ட ரெண்டாயிரத்து அறுநூத்தித் தொண்ணூத்தி நாலுக்கு முடிச்சிட்டேன். நீ எவ்வளவுக்கு எடுத்தே வெர்னா? சும்மாதான் கேக்கறேன்."

குளத்தங்கரையில் எல்லோரும் வெர்னாவையே பார்த்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு டாலர் வித்தியாசம். அவள் கழுத்து சிவந்துபோனது.

அன்றே பச்சையை ரத்து செய்தாள். கட்டிய பணம் முழுதும் திரும்பி வந்தது, காப்பீடும் அதோடு போனது. சாம்பல் கம்பெனியில் அந்த வாரம் ஒரு விசேஷச் சலுகை: ஒரே ஒரு டாலர் கட்டினால் அறையை மூன்று நாள் பிடித்துவைப்பார்கள். பிப்ரவரி மூன்றாம் தேதி ஒரு டாலர் கட்டினாள். அந்த மூன்று நாளும் வேறு எங்காவது இன்னும் குறைகிறதா என்று பார்த்தாள். குறையவில்லை. ஆறாம் தேதி மிச்ச முன்பணத்தைக் கட்டினாள்.

காப்பீட்டில் ஒரு விதி உண்டு. பணம் கட்டிய பதினான்கு நாளுக்குள் எடுத்தால் பழைய நோய்க்கும் சேர்த்துப் பொறுப்பேற்பார்கள். தாண்டினால் பழைய நோய் உங்கள் பாடு. இந்த விதியைக் கட்டடம் முழுக்கக் கற்றுக்கொடுத்தவளே வெர்னாதான். ஆறாம் தேதியிலிருந்து எண்ணினாள். நான்கு காப்பீட்டுக் கம்பெனிகளின் விலையைத் தினமும் ஒப்பிட்டாள். பதின்மூன்றாம் நாள் ஒருவன் முப்பத்தெட்டு டாலர் இறக்கினான். உடனே எடுத்தாள். பிப்ரவரி பத்தொன்பது. அன்று சாயங்காலம் ஜோனெலைப் பார்த்து அவளே வலியப்போய்ச் சிரித்தாள்.

5

போன வியாழக்கிழமை டெல்மாவின் காப்பீட்டைப் பிரித்து வாசித்துக்காட்டிக்கொண்டிருந்தாள். "முதல் பணம் கட்டிய நாளிலிருந்து பதினான்கு..." என்று வாசித்தவள் நிறுத்திவிட்டாள். முதல் பணம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தாள்.

எல்லோரும் போன பிறகு காப்பீட்டுக்காரனுக்குப் போன் போட்டாள். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"மேடம், மூணாம் தேதி ஒரு டாலர் போயிருக்கே. அதுவும் பணம்தானே மேடம். அதுலேர்ந்து எண்ணினா பதினாறு நாள் ஆயிடுது."

"ஒரு டாலர்ப்பா!"

"ஆமாம் மேடம்."

போனை வைத்துவிட்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"கடல்ல இருந்து விமானத்துல தூக்கிட்டு வரணும்னா முப்பதாயிரத்துல ஆரம்பிக்கும், சேத்.* கிழவங்களுக்கு அரசாங்கம் குடுக்கற இன்ஷூரன்ஸ் கரையைத் தாண்டினா செல்லாது. வீட்டைத்தான் விக்கணும்."

"ரத்து பண்ணிடேன்."

"இனிமே பண்ணா ஒரு காசு திரும்பாது. காசு போனா போகட்டும். ஏன்னு கேப்பானே?"

"சொல்லிடு."

"சொன்னா? அவனைத் தெரியாதா உனக்கு? 'பணத்தைக் கட்டியாச்சு, போய்த்தான் தீருவேன்'னு கிளம்புவான். அங்க நெஞ்சு வலிச்சாலும் செலவாகும்னு வாயைத் திறக்க மாட்டான். இன்ஷூரன்ஸ் இருக்குன்னு நினைச்சாலாவது வலிக்குதுன்னு சொல்லித் தொலைப்பான்." கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ சொல்லாதே. யார்கிட்டயும் சொல்லாதே."

அதற்கப்புறம் அவள் பெட்டி அடுக்கிய விதத்தை நான் பார்க்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், தப்பாக இருக்காது. சட்டையை மடித்துக்கொண்டே அடுத்த அறையில் அவன் மூச்சு விடுவதைக் கேட்டாள். அவன் இருமினால் கை நின்றது. அவன் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்து நிமிரும்வரை அவளுக்கும் மூச்சு வரவில்லை. நெஞ்சு மாத்திரையை அவன் பையில் ஒன்று, தன் பையில் ஒன்று, மருந்துப் பெட்டியில் ஒன்று என்று மூன்று இடத்தில் வைத்தாள்.

(* என் பெயர் சேதுராமன். இருபத்திரண்டு வருடமாக இங்கே சேத்.)

6

மீதிப் பாதிக்கு வருகிறேன். இதை எழுதத்தான் கூசுகிறது. மணி ஒன்று ஐம்பது.

நேற்று ஞாயிறு காலை, லிப்டில் ஹார்லன் பெட்டியோடு நின்றான். தொப்பி, பூப்போட்ட சட்டை. வெர்னா கீழே டாக்சியைப் பிடித்து நிறுத்தப் போயிருந்தாள். நான்காவது மாடியில் நான் ஏறினேன்.

"சேத், இன்னிக்கு மணியை உடைக்கிற மாதிரி அடிக்கணும், என்ன?"

"அடிச்சிடுவோம். உடம்பு எப்படி இருக்கு?"

கதவு மூடியது. அவன் குரலைத் தாழ்த்தினான். "உனக்கு மட்டும் சொல்றேன். ரெண்டு நாளா இங்க ஒரு மாதிரி பிடிக்குது." கட்டைவிரலால் நெஞ்சைத் தொட்டான். "வெர்ன்கிட்ட வாயைத் திறந்துடாதே. கேட்டா பெட்டியைப் பிரிச்சுடுவா. அவ இவ்வளவு அலைஞ்சு பிடிச்ச டிக்கெட்டு."

"ஹார்லன், டாக்டர்கிட்ட..."

"அடப் போய்யா. கப்பல்லயே டாக்டர் இருக்கான். ஏதாவது ஆனா இன்ஷூரன்ஸ் இருக்கு. எடுத்தது யாரு? என் பொண்டாட்டி! ஊர்லயே அவளுக்கு மேல கெட்டிக்காரி யாரு?" சிரித்தான்.

நான்கு மாடி. இருபது நொடி. அந்த இருபது நொடியில் இருவரின் ரகசியமும் என் ஒருவன் கையில் இருந்தது. அவளுக்கு வலி தெரியாது. அவனுக்குக் காப்பீடு இல்லாதது தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை.

வாக்குக் கொடுத்திருந்தேன் என்று எழுதலாம். [எழுதி அடித்துவிட்டேன்.] என்ன சொல்வதென்று தெரியவில்லை என்று எழுதலாம். [அதையும் அடித்துவிட்டேன்.] உண்மை இதுதான்: இரண்டு பாதியும் பொருந்தியபோது, அட, கதை வந்துவிட்டதே என்று எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. அது அடங்குவதற்குள் கதவு திறந்துவிட்டது.

நான்கு மணிக்குக் கப்பல் கடந்தது. ஹார்லன் மேல்தளத்தில் வெள்ளைத் துண்டைச் சுழற்றினான். வெர்னா அவன் மறு கையைப் பிடித்திருந்தாள். கட்டடம் முழுக்க மணி அடித்தது. ஜோனெல்கூட அடித்தாள். அவள் சாம்பல் கப்பல் அடுத்த மாதம்தான். நானும் அடித்தேன், உள்ளங்கை கன்றும்வரை.

7

இப்போது முடிவுகள். எனக்குத் தோன்றியவை இரண்டு.

ஒன்று: ஒன்றும் ஆகவில்லை. பத்தாம் நாள் வெயிலில் கறுத்து இறங்குகிறார்கள். வியாழக்கிழமை மேசைக்கு வெர்னா வருகிறாள். முதல் வேலையாக எல்லோரிடமும் ஒரு டாலர் சலுகையைத் தொடாதே என்கிறாள். [இது நடக்கலாம். நடக்க வேண்டும். ஆனால் அவன் கட்டைவிரல் தொட்ட இடத்தை நான் பார்த்தேனே.]

இரண்டு: மூன்றாம் நாள், சுற்றிலும் தண்ணீர், கப்பல் டாக்டரின் சிறிய அறை. ஹார்லன் கட்டிலில் படுத்தபடி, "இன்ஷூரன்ஸ் அட்டையை எடு வெர்ன்" என்கிறான். அவள் கைப்பையைத் திறந்து... [இதற்கு மேல் எழுத முடியவில்லை. எழுதினால் நடந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.]

கப்பல் இந்த நேரம் கீ வெஸ்டில் நிற்கிறது. அதுவும் அமெரிக்கக் கரைதான். அங்கே ஆஸ்பத்திரி உண்டு, அரசாங்கக் காப்பீடு செல்லும், இங்கிருந்து பேசினால் போன் போகும். மூன்று மணிக்குக் கயிற்றை அவிழ்த்தால் அப்புறம் இரண்டு பகல் முழுக்கக் கடல். பாதியில் இறங்கினால் அபராதம் என்று ஒன்று இருக்கிறது. அது எவ்வளவு என்று கேட்டால் வெர்னா டாலர் பிசகாமல் சொல்வாள்.

மணி இரண்டு பதினாறு. காலையிலிருந்து போனை மூன்று முறை எடுத்து வைத்துவிட்டேன். யாரைக் கூப்பிடுவது? அவளிடம் அவன் வலியைச் சொன்னால் அவன் முகத்தில் விழிக்க முடியாது. அவனிடம் அவள் தவறைச் சொன்னால் ஊரிலேயே கெட்டிக்காரி என்று அவன் நம்பியது போய்விடும். ஒருவரிடம் மட்டும் சொன்னால் பயம் ஒருவர் தலையில் விழும், மற்றவர் சிரித்துக்கொண்டே இருப்பார்.

8

அடித்தேன். போனை வெர்னாதான் எடுத்தாள்.

"சேத்! மணிச் சத்தம் கேட்டுச்சுப்பா. ஹார்லன் கண்ணுல தண்ணி. இதோ பக்கத்துலதான் படுத்திருக்கான். மதியச் சாப்பாடு வேணாம்னுட்டான், வெயில் ஒத்துக்கலையாம்." குரல் ஒரு கணம் தேய்ந்தது. பிறகு வலிய ஏறியது. "அடுத்த வருஷத்துக்கும் இப்பவே புக் பண்ணணுமாம் அவனுக்கு. கப்பல்லயே பண்ணா பத்து சதவீதம் குறைக்கிறாங்க..."

"வெர்னா. போனை ஸ்பீக்கர்ல போடு."

"எதுக்கு?"

"ரெண்டு பேரும் கேக்கணும். போடு."

ஸ்பீக்கரில் போட்டாள். கட்டில் கிரீச்சிட்டது. ஹார்லன் தூக்கக் கலக்கத்தில், "யாரு, சேத்தா?" என்றான். கொஞ்சம் தள்ளி, கூடத்து ஒலிபெருக்கியில், வெளியே போனவர்கள் எல்லோரும் கப்பலுக்குத் திரும்பும்படி ஒரு பெண் அறிவித்துக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னேன். இரண்டையும் சொன்னேன்.

அவர்கள் என்ன பதில் பேசினார்கள், மூன்று மணிக்கு எந்தப் பக்கம் இருந்தார்கள் என்பதை எழுத மாட்டேன். முடிவைப் பார்க்கும் ஆசையில்தான் லிப்டில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்த முடிவு எனக்கு வேண்டாம். நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இருவரையும் இறக்கிவிடுவதாக இருந்தால் சீக்கிரம் செய்யுங்கள், ஹார்லனால் வேகமாக நடக்க முடியாது.