வாய்க்கு டேப் ஒட்டப்பட்ட ஐஸ் மெஷின்

வோலோஸ் துறைமுகத்து மீன் சந்தில் அசிமினாவிடம் பேரம் பேசி ஜெயித்த ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம். அவள் தூரத்தில் வருவதைக் கண்டதுமே படகுக்காரர்கள் விலையைக் கொஞ்சம் ஏற்றி வைத்துக்கொள்வார்கள். ஏற்றியதற்கு மேல் இறக்கிவிட்டுத்தான் அவள் நகருவாள் என்பது அவர்களுக்கும் தெரியும். அப்பேர்ப்பட்டவள் அந்த ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் ஒரு ஐஸ் மெஷினோடு பேரம் பேசித் தோற்றுக்கொண்டிருந்தாள்.

மீனுக்குப் போடும் தூள் ஐஸை நாள் முழுக்கச் சுரண்டிச் சுரண்டித் தள்ளுகிற எஃகுப் பெட்டி அது. கடையின் பின்கட்டில் நின்றது. முதலில் அதன் முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்தது. விளக்குக்குப் பக்கத்தில் ஒரு பல்சக்கரப் படம். கூடவே கீச் கீச்சென்று எச்சரிக்கைச் சத்தம். அசிமினா பொத்தானை அழுத்தி அடக்கினாள். சற்று நேரத்தில் மறுபடி கத்தியது. மறுபடி அழுத்தினாள். வாங்க வருகிறவன் முதலில் கத்துவான், பிறகு தானாக வழிக்கு வருவான் என்பது அவளுடைய வியாபார அனுபவம். வழிக்கு வராதவனைக் கண்டுகொள்ளவே கூடாது என்பது அதற்கு அடுத்த அனுபவம். ஆகவே சத்தம் வரும் ஓட்டையின் மேல் பார்சல் டேப்பை நான்காக மடித்து ஒட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

ஐந்தாம் தேதி மத்தியானம் மஞ்சள் விளக்கு சிவப்பாகி மெஷின் நின்றுபோனது.

நின்றதற்கு வேறு நாளே கிடைக்கவில்லை. மறுநாள் ஆண்டவர் உருமாறிய திருநாள். மாதாவுக்காக ஊரே நோன்பிருக்கும் அந்த இரண்டு வாரத்தில் மீன் தொட அனுமதியுள்ள ஒரே நாள் அதுதான். பருப்பும் ஆலிவும் தின்று நாக்கு செத்துப்போன ஜனம், பொழுது விடிந்ததும் மீன் சந்தில்தான் வந்து விழும். அதை நம்பி அசிமினா அன்று காலை ஒரு படகு பிடித்து வந்த மீனை அப்படியே மொத்தமாக வாங்கிப் போட்டிருந்தாள். நவரை, மத்தி, கணவாய், நெத்திலி என்று பெட்டிமேல் பெட்டியாகப் பின்கட்டில் அடுக்கியிருந்தது. மேலே தூவியிருந்த பழைய ஐஸ் தண்ணீராகி அவள் செருப்பை நனைத்தது. புது ஐஸ் விழாவிட்டால் பொழுது சாய்வதற்குள் மீனின் கண் மங்கிவிடும். கண் மங்கிய மீனை அந்த ஊரில் பூனைகூட யோசித்துத்தான் தின்னும். அந்தக் கோடைக்குச் சேர்த்து வைத்ததெல்லாம் அந்தப் பெட்டிகளில்தான் கிடந்தது.

எதிர்க்கடைப் பந்தாசிஸுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. வாசலில் வந்து நின்றார். பெருத்த உடம்பு, தொங்கு மீசை, வாயில் பற்றவைக்காத சிகரெட்.

"என்ன தங்கச்சி, உன் மெஷினும் நோன்பா?"

"நோன்பு உங்களுக்குத்தான் அண்ணே வேணும். தொப்பை வாசல்ல நிக்குது, நீங்க இன்னும் ரோட்டுல நிக்கிறீங்க."

"பேசு, பேசு. மீனு கேட்டுக்கிட்டே அழுகட்டும். இந்தா பாரு, எல்லாப் பெட்டியையும் நான் எடுத்துக்கிறேன். நீ குடுத்ததுல பாதி."

"பாதிக்குச் செதில் தர்றேன். பொட்டலம் கட்டட்டுமா?"

"சாயங்காலம் கால்வாசிக்குக் கேப்பேன்."

"சாயங்காலம் நான் உங்க கடையையே விலைக்குக் கேப்பேன். போங்கண்ணே, வெயில் படுது."

பந்தாசிஸ் மேல்பெட்டியில் இருந்த நெத்திலியை ஒரு பார்வை பார்த்தார். விறுவிறுவென்று தன் கடைக்குத் திரும்பினார். 

அவள் கணவன் ஆர்கிரிஸ் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாட்டுப் பாடுகிற மனிதன். குரல் தேன்; கை மெழுகு, ஒரு வேலைக்கும் உதவாது.

"ஒரு மெழுகுவத்தி ஏத்தி வச்சா..."

"ஐஸ் மெஷின் பக்கத்துல நெருப்பா? நல்லா இருக்குய்யா உன் வைத்தியம். போனை எடு."

ஊர் உண்டு உறங்குகிற மத்தியான வேளையில் ஒருவரைப் போனில் கூப்பிடுவது செத்த வீட்டில் கூத்தாடுவதற்குச் சமம். அதிலும் ஆகஸ்டில், விடுமுறையில் இருக்கிற மெக்கானிக்கை. அசிமினா சிலுவை போட்டுக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் வைத்து மினாஸைக் கூப்பிட்டாள். மணி நெடுநேரம் அடித்தது. எடுத்தபோது பின்னால் அலைச்சத்தம், பிள்ளைகள் கூச்சல்.

"அக்கா, இடுப்பளவு கடல்ல நிக்கிறேன். கையில தர்பூசணி. சொல்லுங்க."

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்திருந்த அசிமினா மூச்சுவிடாமல் தொடங்கினாள். விளக்கு, சக்கரம், சிவப்பு என்று கொட்டித் தீர்த்தாள்.

"முதல்ல மெயின் சுவிட்சை அணைங்க. பின்னாடி சூடு வெளியே போற கம்பி வலை இருக்கும், அடைஞ்சிருக்கா பாருங்க."

அடைந்திருந்தது. சந்துப் பூனைகளின் ரோமம் முழுக்க அதில் இருந்தது. ஒரு பூனையே செய்துவிடலாம். ஆர்கிரிஸ் பிரஷ்ஷால் தேய்த்து வழித்தான். சுவிட்சைப் போட்டார்கள். மெஷின் முனகியது, பிறகு இரும்பை இரும்பால் அறுப்பதுபோல் அலறியது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கடலிலிருந்து மினாஸ் கத்தினான். "இந்தச் சத்தம் எத்தனை நாளா வருது? நடுவுல எத்தனை தடவை பொத்தானை அமுக்கினீங்க?"

"ஒண்ணு ரெண்டு தடவை இருக்கும்..."

"நாப்பது இருக்கும்" என்றான் ஆர்கிரிஸ், பொய் சொல்லிப் பழகாத கோவில் பாட்டுக்காரன்.

"அக்கா, நல்ல வேளை அதுவா நின்னுச்சு. இல்லேன்னா உள்ள ஐஸைச் சுரண்டுற திருகே முறிஞ்சிருக்கும். அது உங்களைத் திட்டலை, காப்பாத்தப் பாத்திருக்கு. சரி, தண்ணி விளக்கு எரியுதா? சொட்டுப் படம் போட்டது?"

"இல்ல. தண்ணிக்குக் குறையில்ல. மேல இருக்கிற சின்னத் தொட்டி நிறைய இருக்கு."

"தொட்டியில இருக்கு. ஐஸ் உறையுற உருளைக்குள்ள போகுதா?"

அப்போது வாசலில் சக்கரம் கடகடக்கும் சத்தம். பந்தாசிஸ் தள்ளுவண்டியோடு வந்து நின்றார். வண்டி முழுக்க ஐஸ். மேலே ஈரச்சாக்கு போட்டு மூடியிருந்தது.

அசிமினா இடுப்பில் கை வைத்தாள். "கால்வாசிக்கு வந்தீங்களாக்கும்?"

"வாயை மூடிக்கிட்டு மண்வெட்டியை எடு. மீனு கெடுறதைப் பாத்தா எனக்கு வயிறு வலிக்குது. யாரு மீனா இருந்தா என்ன?" அவளை ஏறிட்டுப் பார்க்காமல் நெத்திலிப் பெட்டியில்தான் முதலில் ஐஸை வாரிக் கொட்டினார். கெடுவதில் முதல் ஆள் நெத்திலிதான் என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒருவர் சொன்னதை அசிமினா அப்படியே செய்தாள். அவள் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதல்ல. மண்வெட்டியை எடுத்தாள்.

வேலை முடிந்ததும் மினாஸ் சொன்னபடி தண்ணீர்க் குழாயை மூடினார்கள். தொட்டியின் அடியிலிருந்து உருளைக்குப் போகும் ரப்பர் குழாயின் கீழ்முனையைக் கழற்றி, ஆர்கிரிஸ் வாளியைப் பிடித்தான். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்க, வாளியில் விழுந்தது ஒரு சொட்டு. பிறகு இன்னொரு சொட்டு.

"அதான்" என்றான் மினாஸ். "குழாயில ஏதோ அடைச்சிருக்கு. உருளைக்குத் தண்ணி போதாம உள்ள ஐஸ் கல்லா இறுகிடுது. திருகு அதைச் சுரண்ட முடியாமத் திணறுது. தொட்டி நிறைஞ்சே இருக்கிறதால தண்ணி விளக்குக்கு ஒண்ணும் தெரியாது. குழாயை நல்லா பிழிஞ்சு விடுங்க."

பந்தாசிஸ் தன் தடித்த விரல்களால் பிழிந்தார். குழாய் கொர்ரென்றது. கறுத்துச் சுருண்ட ஒரு பச்சிலைக் கொத்து வாளியில் வந்து விழுந்தது, பின்னாலேயே தண்ணீர் கொட்டியது. மீன் நாறும் பின்கட்டு முழுக்க கோவில் வாசம்.

அசிமினா குனிந்து முகர்ந்தாள். திருநீற்றுப்பச்சை. முதல் தேதியன்று பாதிரியார் கடைக்கு வந்து, அந்தச் செடிக் கொத்தைத் தீர்த்தத்தில் நனைத்து நாலு மூலையிலும் தெளித்துவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது. மீந்த தீர்த்தம் ஒரு கிண்ணம் இருந்தது. கிண்ணத்தைக் கழுவி வைத்தது அவள் அல்ல.

மெல்லத் திரும்பினாள். ஆர்கிரிஸ் வாளியைப் பிடித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தீர்த்தத்தைச் சாக்கடையில ஊத்தக் கூடாது, அசிமினா" என்றான். "செடிக்கு ஊத்தலாம்னா நம்மகிட்ட செடி இல்ல. தொட்டி மூடியைத் திறந்து இதுல ஊத்தினா ஐஸாகும், ஐஸு மீன் மேல விழும், மீனு ஊர் முழுக்கப் போகும். எல்லாருக்கும் ஆசீர்வாதமா இருக்கும்னு..."

"இலையோடவா?"

"இலையிலதானே விசேஷம்."

முதலில் சிரித்தது கடலில் நின்ற மினாஸ். அடுத்தது பந்தாசிஸ், மீசை நடுங்க. அசிமினா பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்த சிரிப்பில் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. வந்தது சிரிப்பால் மட்டுமல்ல.

"தொட்டியையும் குழாயையும் நல்லா கழுவுங்க" என்றான் மினாஸ். "உள்ள இறுகினது கரையட்டும், அப்புறம் போடுங்க. முதல்ல விழுற ஐஸை வெளியே கொட்டிடணும். அதுல இலைத் தூள் இருக்கும்."

"தீர்த்த ஐஸை எங்க கொட்டுறது?" என்று ஆர்கிரிஸ் பதறினான்.

"கடல்ல கொட்டுய்யா" என்றார் பந்தாசிஸ். "ஜனவரியில சிலுவையைப் போட்டுக் கடலுக்கு ஆசீர்வாதம் குடுக்குறீங்கல்ல? ஆகஸ்டுக்கும் ஒண்ணு குடு. அதுக்கும்தான் வேர்க்குது."

வெயில் தாழ்ந்தபோது மெஷின் முனகாமல் ஓடியது. வெள்ளையாக, பூவாக ஐஸ் உதிர்ந்தது. பச்சை விளக்கு. அசிமினா முகப்பில் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் சுரண்டிப் பிய்த்தாள். பசை போகவில்லை; இடுப்பில் கட்டியிருந்த துணியில் எலுமிச்சை தேய்த்து, பொறுமையாக, காய்ச்சல் விட்ட பிள்ளையின் முகத்தைத் துடைப்பதுபோல் துடைத்தாள். "இனிமே கத்து, தாயி. கேட்டுக்கிறேன்" என்று ஆர்கிரிஸுக்குக் கேட்காமல் சொன்னாள்.

பிறகு வாசலுக்கு வந்து வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்த பந்தாசிஸை நிறுத்தினாள்.

"அண்ணே, ஐஸுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்."

"ஒண்ணும் வேணாம்னா எனக்குக் கட்டாது. ஒரு விலை சொல்லுங்க."

"சொன்னா குறைப்பே. அதான் சொல்லலை" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

திருநாள் காலை சந்து பிதுங்கியது. அசிமினாவின் நவரை கண் விழித்துப் படுத்திருந்தது, கணவாய் பளபளத்தது. கை ஓயாமல் எடை போட்டாள். நடுவில் ஒருமுறை நிமிர்ந்தபோது எதிர்க்கடையைப் பார்த்தாள். பந்தாசிஸின் பெட்டிகளில் ஐஸ் மெலிந்து கிடந்தது. வாரிக் கொடுத்த குறை இரவுக்குள் நிரம்பவில்லை போலும். நெத்திலி வரிசையில் மீனுக்குக் கீழே பலகையே தெரிந்தது. சூரியன் அந்தப் பக்கமாக ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு அம்மாள் கூடையோடு வந்தாள். "அசிமினா, நெத்திலி இருக்கா?"

"நெத்திலியா? என்கிட்ட இல்லவே இல்லம்மா." அசிமினா சந்து முழுக்கக் கேட்கும்படி குரலை உயர்த்தினாள். "நெத்திலி வேணுங்கிறவங்க எல்லாம் எதிர்க்கடைக்குப் போங்க! பந்தாசிஸ் அண்ணன்கிட்ட நெத்திலி! வோலோஸ்லயே அதான் நல்ல நெத்திலி!"

சந்தே கழுத்தை நீட்டிப் பார்த்தது. இருபது வருஷத்தில் அந்த வாயிலிருந்து அந்தப் பெயர் வசவில்லாமல் வந்ததில்லை. பிறகு கூடைகள் ஒவ்வொன்றாக எதிர்ப்பக்கம் திரும்பின.

ஆர்கிரிஸ் காதருகில் குனிந்தான். "நம்ம மேசைக்கடியில ரெண்டு பெட்டி நெத்திலி இருக்கே..."

"தெரியும். மினாஸ் ஊருக்குத் திரும்பினதும் ஒரு பங்கு அவனுக்கு. உப்புப் போட்டு வச்சா கெடாது. மிச்சத்தை நாம தின்போம். நீ எடையைப் பாரு."

எதிரே பந்தாசிஸ் தராசைக் கையில் பிடித்தபடி நின்றார். அந்த மேசைக்கடியில் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாதா? தன் கையால் ஐஸ் கொட்டி மூடியவர். இந்தப் பக்கம் பார்த்தார், மீசையைத் தடவினார், ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மூன்று கூடைகள் அவர் முகத்தை மறைத்துவிட்டன.