மேனேஜர் சாலையைக் கடக்கிறார்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் அவருடைய மச்சானும் பேசிக்கொள்ளாமல் மாதக்கணக்காகிவிட்டது. மச்சான் என்றால் மனைவியின் தம்பி. பேக்கரி வேன் ஓட்டுபவர். வேனைப் பின்னால் எடுக்கும்போது கடையின் புதுப் பெயர்ப்பலகையைச் சாய்த்துவிட்டு, "இவ்ளோ பெரிய கண்ணு வரைஞ்சு வச்சிருக்கீங்களே மாமா, அதுக்கே வேன் வர்றது தெரியலையா?" என்று கேட்டார். அன்றோடு சரி.

அதற்கப்புறம் கடைக்காரர் செஸ் பலகையின் இரண்டு பக்கமும் தானே உட்கார்ந்து ஆடினார். பெரும்பாலும் தோற்றார். மச்சான் வந்து எதிரே உட்கார்ந்தால் போதும் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் முதலில் வாயைத் திறப்பது யார்? அவர் வாய்க்கென்று ஒரு மரியாதை இருக்கிறதல்லவா!

இந்த நேரத்தில்தான் தேரைகளைக் காப்பாற்றும் வேலை வந்தது. பூங்காவுக்கும் குளத்துக்கும் நடுவில் ஒரு சாலை. மழை பிடித்துவிட்டால் பூங்காத் தேரைகள் குளம் தேடிக் கிளம்பும். அதில் பாதி, வண்டிச் சக்கரத்தடியிலேயே போய்ச் சேரும். "தேரைகள் சாலையைக் கடக்க உதவுங்கள். வாளி அவசியம்" என்று உயிரியல் டீச்சர் தெரு வாட்ஸ்அப் குழுவில் அழைப்பு விடுத்தார். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. எல்லோரும் படித்தவர்கள்தானே என்று விட்டுவிட்டார்.

சாயங்காலத் தூறலில் கடைக்காரர் வாளியோடு பூங்கா ஓரம் போய் நின்றார். எதிரே குளத்து ஓரம் மச்சான், அவரும் வாளியோடு. மற்றவர்கள் கைகூப்பும் படம் அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வேலை மும்முரமாக நடந்தது. கடைக்காரர் தன் பக்கத்துத் தேரைகளை அள்ளிக் குளத்தோரம் விட்டார். போகும்போதும் வரும்போதும் எதிரே வந்த வாளியை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்த வாளியும் அவரைப் பார்க்கவில்லை.

தேரைகளில் ஒன்று நல்ல பருமன். ஒரு இமை பாதி மூடி, கடன் கேட்டு வந்தவரைப் பார்ப்பதுபோல் பார்த்தது. 'மேனேஜர்' என்று பெயர் வைத்து, மரியாதையாகக் கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து குனிந்தால், மேனேஜர்.

"சார், உங்களை இப்பதானே விட்டுட்டு வந்தேன்?"

மறுபடி விட்டார். மறுபடி மேனேஜர். ஊரில் பாதிப் பேருடைய கண்ணைச் சோதித்தவர். அந்த இமையை மறப்பாரா? யோசனையோடு இன்னொரு தடவை கொண்டுபோய் விட்டுத் திரும்பும்போது, முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"யோவ், மறுபடியும் நீயா? உன்னை அந்தப் பக்கம் விட்டேன்ல!"

கடைக்காரர் திரும்பினார். மச்சான் கையில் மேனேஜர். மரியாதையாவது ஒன்றாவது!

"டேய் மச்சான்! அவர் குளத்துக்குப் போகணும்டா!"

மச்சான் மேனேஜரை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "முட்டை போட்டுட்டு வீட்டுக்குத் திரும்புறாருன்னுல்ல நான் நெனச்சேன்!"

"மழையே இப்பதான் வந்துது, அதுக்குள்ள முட்டையா? இது என்ன உன் பேக்கரியா?"

"அப்போ மாமா, இவ்ளோ நேரமா நீங்க இங்க விட்டதையெல்லாம் நான் அங்க..."

"நீ அங்க விட்டதையெல்லாம் நான் இங்க..."

மச்சானுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. கடைக்காரர் வாளியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். மூச்சு வந்ததும் டீச்சருக்குப் போன் போட்டார்கள்.

"போறதும் இருக்கும், வர்றதும் இருக்கும்ங்க. அது எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் விடுங்க" என்றார் டீச்சர்.

மச்சான் வேனைக் கொண்டுவந்து சாலைக்குக் குறுக்கே நிறுத்தினார். கடைக்காரர் மேனேஜரை நட்டநடுவில் இறக்கினார். மேனேஜர் குளத்தையும் பார்க்கவில்லை, பூங்காவையும் பார்க்கவில்லை. சாலையோடு நேராக, கடைத்தெருவைப் பார்த்து உட்கார்ந்தார்.

இருவரும் தோளோடு தோள் உரசக் குந்திக் காத்திருந்தார்கள். வேனுக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர்காரர் விடாமல் ஹாரன் அடித்தார்.

"சும்மா இருய்யா!" என்றார்கள் மாமாவும் மச்சானும் ஒரே குரலில். "அவர் யோசிக்கிறார்ல!"