ஓட்டம் முடியட்டும்

என் தம்பி ராஜதாஸ் செத்த அன்று எங்கள் சர்ச்சில் மணி அடிக்கவில்லை. எங்கள் காரோட்டில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் சொல்வது மணிதான். அது நின்றதும் ஊரே செத்தவரின் படத்தை வாட்ஸாப்பில் ஸ்டேட்டஸ் வைக்கும். மத்தியானத்துக்குள் முக்கில் ஃபிளெக்ஸ் போர்டு ஏறிவிடும். குடித்துச் செத்தவனுக்கும் உண்டு, ஊரோடு சண்டை போட்டுத் திரிந்தவனுக்கும் உண்டு. ஒருத்தர் மனம் நோகப் பேசாத என் தம்பிக்கு அன்றைக்கு இது எதுவும் இல்லை. எல்லாவற்றையும் தடுத்தது அவன் மனைவி ஜிஜா.

காரணம் இருந்தது. அவர்கள் மகள் அஜிஷா அன்று சாயங்காலம் மங்களூரில் ஓடவேண்டியிருந்தது. பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடக்கிற போட்டி, ஐயாயிரம் மீட்டர். டெம்போ ஓட்டுகிறவன் மகள் அதுவரை போய்ச் சேர்ந்ததே பெரிய காரியம். காலையில் அப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடினான். சாயங்காலம் மகள் ஓடித் தங்கம் வாங்கினாள். இடையில் ஒருத்தரும் அவளுக்குச் சொல்லவில்லை.

"ஓட்டம் முடியட்டு, அதுக்குப் பொறவு ஊருக்குத் தெரியட்டு" என்று ஜிஜா ஒவ்வொருத்தர் காலிலும் விழாத குறையாகக் கேட்டாள். சர்ச்சில் மணி அடிக்கிறவரிடம் கேட்டாள். ஃபிளெக்ஸ் கடை ஷிஜுவிடம் கேட்டாள். வாட்ஸாப் குரூப் வைத்திருக்கிற கிளப் பையன்கள் எல்லாரிடமும் கேட்டாள். ஊர் அவள் பேச்சைக் கேட்டதுதான் அதிசயம். ஒரு வீட்டில் கூட ஸ்டேட்டஸ் ஏறவில்லை. வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டுப் போனார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. நான் சத்தியபாய், காரோட்டில் சாயாக்கடை வைத்திருக்கிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஆள் யாரென்று பார்க்கமாட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்தே கேட்டேன்.

"எட்டீ, உனக்கு நெஞ்சுல ஈரம் உண்டா? எனக்க தம்பி ஐசுல கெடக்கான். உனக்கு மெடலாக்கும் பெருசு?"

"மைனி, இப்பம் சொன்னாலும் பிள்ள நாளைக்குத்தான் வந்து சேருவா. ஓடீற்று வரட்டு" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசினேன். என்னவெல்லாம் பேசினேன் என்று இப்போது சொல்லப் போவதில்லை, ஆனால் பேசியதற்காக வருத்தப்படவும் இல்லை.

ரயிலில் வரும்போது கோச் கிருஷ்ணன்குட்டி சார் பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்லிவிடுவார் என்று ஏற்பாடு. நல்ல மனுஷன், ஆனால் நாக்கு எழவில்லை. கூட வந்த பிள்ளைகள் மெடலை மாறி மாறிக் கழுத்தில் போட்டுப் பாட்டும் சிரிப்புமாக வரும்போது எந்த வாயால் சொல்வேன் என்று பிறகு எங்களிடம் வந்து அழுதார். சொல்லாமலே பாறசாலை ஸ்டேஷனில் இறக்கி ஆட்டோ ஏற்றிவிட்டிருக்கிறார்.

ஷிஜுவுக்கு இது எப்படித் தெரியும்? பிள்ளைக்கு விஷயம் தெரிந்தாயிற்று, இனி என்ன தடை என்று நினைத்து, விடிந்ததும் முக்கில் இரண்டு போர்டையும் கட்டிவிட்டான். ஒரு கம்பத்தில் மெடலைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்கிற அஜிஷா, கீழே பாராட்டு. பக்கத்துக் கம்பத்தில் என் தம்பி, கீழே ஆதராஞ்சலி. அவன் மனசில் இரண்டுமே மரியாதைதான். எங்கள் ஊரில் நல்லதுக்கும் போர்டு, கெட்டதுக்கும் போர்டு. ஆட்டோவில் வந்த பிள்ளை முதலில் தன் படத்தைப் பார்த்து, கொஞ்சம் நிறுத்துங்கோ சேட்டா என்று சொல்லிச் சிரித்தாளாம். ஃபோட்டோ எடுக்கப் போனை நீட்டும்போதுதான் பக்கத்துப் போர்டு கண்ணில் பட்டிருக்கிறது.

அடக்கம் முடிந்தது. அன்றிலிருந்து அஜிஷா அம்மாவோடு பேசவில்லை. சோறு நான் கொண்டுபோய்க் கொடுத்தால் சாப்பிடுவாள், ஜிஜா வைத்தால் தட்டு அப்படியே இருக்கும். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், "மாமி, அந்த ஆளுட்ட சொல்லுங்க" என்பாள். பெற்ற தாய் அந்த ஆள் ஆகிவிட்டாள். கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், இல்லையா? இல்லை. அடுப்படியில் நின்று ஜிஜா அதைக் கேட்டுக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்கே என்னவோ போல இருக்கும்.

ஓடுவதையும் விட்டுவிட்டாள். ஷூவை எங்கே போட்டாள் என்றே தெரியாது. துக்க ஜெபங்கள் எல்லாம் கழிந்த பிறகு கிருஷ்ணன்குட்டி சார் வீட்டுக்கு வந்தார். அந்த வருஷம் ஜெயித்த விளையாட்டுப் பிள்ளைகளை எல்லாம் பல்கலைக்கழகத்தில் கூப்பிட்டு மரியாதை செய்கிறார்களாம். பெண்களில் சிறந்த ஓட்டக்காரி அஜிஷாதானாம். பிள்ளை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சார் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"அம்மச்சி, அவ அந்த ஸ்டேஜில ஏறல்லன்னா இனி கிரவுண்டுக்கும் வரமாட்டா. எனக்கு அது நிச்சயமாக்கும்."

நான் கதவைத் தட்டினேன். "எட்டீ அஜிஷா, ஓடுனது நீ. மூச்சு முட்டுனது உனக்கு. பிறகு யாரு போய் வாங்குவா, நானா?"

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "மாமி வந்தா போறேன். வேற யாரும் வரண்டாம்."

அந்த நாள் வந்தது. நானும் அவளும் பாறசாலையில் பஸ் ஏறினோம். வண்டி புறப்படும் நேரம் பார்த்து முன்வாசல் வழியாக ஜிஜா ஏறினாள். வெள்ளைச் சேலை, கையில் ஒரு பை. எங்களைப் பார்க்காமல் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அஜிஷா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். நான் என்ன செய்ய முடியும்? கவர்மென்ட் பஸ், டிக்கெட் எடுத்தவளை இறக்கிவிட முடியுமா? நெய்யாற்றின்கரை போயிற்று, பாலராமபுரத்தில் நெரிசலில் வண்டி கிடந்து ஊர்ந்தது. மூன்று பேரும் மூன்று திசையைப் பார்த்துக்கொண்டு திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தோம்.

அரங்கம் நிறையப் பிள்ளைகள். ஒவ்வொரு பேர் சொல்லும்போதும் பின்வரிசையில் இருந்து விசிலும் கூச்சலும். எங்களுக்கு ஒரே வரிசையில்தான் இடம் போட்டிருந்தார்கள். நான் நடுவில் உட்கார்ந்தேன், ஒரு பக்கம் தாய், ஒரு பக்கம் மகள். ஒரு பேச்சுக்குக் கூட இரண்டு பேரும் என்னைத் தாண்டிப் பார்க்கவில்லை. கபடிப் பையன்கள் போனார்கள், எடை தூக்குகிற ஒரு பெண் போனாள். பரிசு வாங்கியதும் அப்பா அம்மாவையும் மேடைக்கு விளித்து ஃபோட்டோ எடுத்தார்கள். அந்தப் பெண்ணின் அப்பன் லுங்கியைப் போல வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடை ஏறிவிட்டு, ஞாபகம் வந்து பதறிப்போய் அவிழ்த்துவிட்டான். அரங்கமே சிரித்தது. என் தம்பியும் இதையேதான் செய்திருப்பான். பக்கத்தில் பார்த்தேன். அஜிஷா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"மாமி" என்றாள்.

"என்ன மக்கா?"

"அப்பா கடைசீல என்னை விளிச்சாரா?"

எனக்குத் தெரியும். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். இல்லை என்றால், அப்பா போகிற நேரத்தில் தன்னை நினைக்கவே இல்லை என்று பிள்ளை காலம் முழுக்க நினைப்பாள். ஆமாம் என்றால், தாயும் மகளும் அதோடு முடிந்தது. உண்மையைச் சொன்னால் என்ன, ஜிஜாவுக்கு வேண்டியதுதான் என்று ஒரு மனசு சொன்னது. அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

"அது வந்து மக்கா..." என்று இழுத்தேன்.

"விளிச்சாரு" என்றாள் ஜிஜா. என்னைத் தாண்டிக் குனிந்து மகளின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "'பிள்ளைய விளி, எனக்கு அவளுக்க சத்தம் கேக்கணும்'னாரு. போன் எனக்க கையிலதான் இருந்துது. நான் விளிக்கல்ல."

அஜிஷா அத்தனை நாளுக்குப் பிறகு முதல்முறையாக அம்மாவைப் பார்த்தாள். "எதுக்கு?"

"அவருக்க சத்தத்த கேட்டா உனக்குத் தெரிஞ்சுபோவும். பையையும் தூக்கீற்று நீ ரயிலுக்கு ஓடுவ. ஓட்டத்துக்கு நிக்கமாட்ட."

"விளிச்சிருந்தா, நான் வந்து சேருமுன்ன அப்பா போயிருப்பாரா?"

"போயிருப்பாரு. எப்பிடி வந்தாலும் நீ அவர உயிரோட கண்டிருக்கமாட்ட. ஆனா உனக்க சத்தத்த கேட்டீற்று போயிருப்பாரு. அத இல்லாம ஆக்குனது நானாக்கும். மைனிட்ட கேக்காத. அவியளுக்கு இதுல ஒண்ணும் இல்ல. எனக்கட்ட கேளு."

எத்தனை சாக்கு சொல்லியிருக்கலாம்! டவர் கிடைக்கவில்லை, நர்ஸ் போனை வாங்கி வைத்துவிட்டாள், பேச அவனுக்கு மூச்சு வரவில்லை. எதைச் சொன்னாலும் பிள்ளை நம்பியிருப்பாள், நானும் ஆமாம் போட்டிருப்பேன். ஒன்றையும் அவள் எடுக்கவில்லை. இவளையா இத்தனை நாள் கல்நெஞ்சுக்காரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்று இருந்தது. கல்நெஞ்சுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கல்லை அவள் ஒருத்தர் மேலும் எறியவில்லை.

மேடையில் அஜிஷாவின் பேரைச் சொன்னார்கள். கை தட்டினார்கள். பிள்ளை எழுந்திருக்கவில்லை. மறுபடியும் சொன்னார்கள். கைதட்டு தேய்ந்து நின்றுபோயிற்று. முன்வரிசையில் இருந்து கிருஷ்ணன்குட்டி சார் திரும்பிப் பார்த்தார், முகம் வெளிறிப் போயிருந்தது. நான் அவள் முதுகில் கை வைத்தேன், தள்ளவில்லை. தள்ளினால் வாழ்நாளில் எழுந்திருக்கமாட்டாள் என்று தோன்றியது.

எழுந்தாள். யாரையும் பார்க்காமல் நடந்தாள். பெரிய மனுஷர் ஒருவர் கோப்பையைக் கொடுத்தார், வாங்கினாள். மைக் பிடித்திருந்த பெண்ணுக்கு எங்கள் வீட்டுக் கதை ஒன்றும் தெரியாது. அப்பா அம்மா வந்திருக்கிறார்களா என்று எல்லாரையும் கேட்டதுபோலவே சிரித்த முகத்தோடு கேட்டாள், "அச்சனும் அம்மயும் வந்நிட்டுண்டோ?"

அஜிஷா கோப்பையைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்வரிசைப் பையன்கள் கூட அடங்கிவிட்டார்கள். கடைசியில் மைக்குக்குக் கேட்கும்படி இரண்டே வார்த்தை சொன்னாள்.

"அம்ம உண்டு."

ஜிஜாவுக்குக் காலில் செருப்பு நுழையவில்லை. வெறுங்காலோடு போனாள். மேடையில் தாயும் மகளும் தொட்டுக்கொள்ளவில்லை, ஒருத்தரையொருத்தர் பார்க்கவும் இல்லை. ஃபோட்டோக்காரன் சேர்ந்து நிற்கச் சொன்னான், கொஞ்சம் சேர்ந்து நின்றார்கள். அரங்கம் கை தட்டியது. அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. ஜிஜாவின் செருப்பை எடுத்துக்கொண்டு பக்கத்து வாசலுக்குப் போனேன்.

அவர்கள் மேடையிலிருந்து இறங்கி அந்த வழியாகத்தான் வெளியே வந்தார்கள். வராந்தாவில் கால் வைத்ததும் அஜிஷா கோப்பையை என் கையில் திணித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா" என்றாள்.

"சொல்லு மக்கா."

"எனக்கு உனக்க மேல கோவம் இல்ல. இருந்துது, ஆனா அதில்ல காரியம்." மூச்சு வாங்கியது. "தங்கம் கிடைச்சதுல எனக்குச் சந்தோசமாக்கும் அம்மா. அப்பாவ குழியில வைக்கும்பமும் உள்ளுக்குள்ள அந்தச் சந்தோசம் உண்டு. இப்பமும் உண்டு. எத்தன அடக்குனாலும் போகமாட்டேங்குது. நான் என்ன பிள்ளையாக்கும்? உனக்க மேல பழியப் போட்டு பேசாம இருந்தா அது ஒருத்தருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

ஜிஜா அவளைப் பிடித்து இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். "சந்தோசப்படு மக்கா" என்றாள். "நல்லா சந்தோசப்படு. அந்தச் சந்தோசத்துக்குத்தானே நான் அவருக்க மொகத்தப் பாத்து..." இரண்டு பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கேட்காத அழுகை, அடக்கத்தில் கேட்காத அழுகை, எல்லாம் அந்த வராந்தாவில் கேட்டது.

என் தம்பி கேட்ட குரல் அவனுக்குக் கிடைக்காமல் போயிற்று. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும், ஜிஜாவிடம் நேருக்கு நேர் சொல்லவும் செய்வேன், அவளும் கேட்டுக்கொள்வாள். அன்றைக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே அடுத்த பேர் சொல்லிக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள், ஃபோட்டோ எடுத்து முடித்தவர்கள் சிரித்துக்கொண்டு வராந்தாவுக்கு வரத் தொடங்கினார்கள். நான் கோப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலை மறித்து நின்று, அந்தப் பக்கமாகப் போங்கோ என்று ஒவ்வொருத்தரையும் திருப்பி அனுப்பினேன்.