மெல்னிக்கின் தோள்

ஜெயிக்காதவன் கோப்பையைத் தொடக்கூடாது. தொட்டால் ஜென்மத்துக்கும் கிடைக்காது. ஐஸ் ஹாக்கியே உயிராக இருக்கும் சஸ்கட்டூனில் இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். கோப்பை ஊருக்குக் காட்சிக்கு வந்தபோதெல்லாம் ஓரெஸ்ட் மெல்னிக் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு எட்டத்தில் நின்றுதான் பார்த்தான்.

பதினேழு வருடம் அப்படி நின்றான். இடையில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் ஆட்டம், லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரன் என்று இரண்டு விருது, மூன்று தடவை உடைந்த மூக்கு. முன்பல் ஐந்து போயிற்று. வேகத்தில் அவன் பெரிய ஆள் இல்லை. எதிராளி எங்கே வரப்போகிறானோ அங்கே முன்கூட்டியே போய் நின்றுகொள்வான், அவ்வளவுதான். அதைக் கற்றுக்கொள்ள முடியாமல் நூறு பேர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

அதில் பத்து வருடம் வலது பக்கத்தில் அவனுக்கு ஜோடியாக ஆடியவன் ரெஜான் திபோ, கியூபெக்காரன், ஓட்டைவாய். ஆனால் இரண்டு விஷயத்தில் மட்டும் அவன் வாய் பூட்டுப் போட்டதுபோல் இருந்தது. ஒன்று, மெல்னிக்கின் வலது தோள் அடிக்கடி கழன்றுகொள்ளும். ஓட்டல் அறையில் படுக்க வைத்து, காலால் விலாவை அழுத்தி, திபோதான் அதை இழுத்து மாட்டிவிடுவான். இன்னொன்று, ஒரு தடவை கன்னத்தில் ரப்பர் வட்டு பட்டதிலிருந்து திபோவுக்கு இடது கண் மங்கல். இடப்பக்கம் தாழ்வாக எது வந்தாலும் மெல்னிக் "ரெஜ்!" என்று கத்துவான். எட்டு வருடம் இந்தக் கத்தலில்தான் திபோவின் பிழைப்பு ஓடியது. டாக்டருக்குத் தெரிந்தால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு நேரத்தில், நிர்வாகம் திபோவை ஹாமில்டனுக்குக் கொடுத்து இரண்டு இளவட்டங்களை வாங்கிக்கொண்டது. இரண்டு வருடம் கழித்து, ஏழு ஆட்டம் கொண்ட இறுதிச் சுற்றில் எதிரே வந்து நின்றது அதே ஹாமில்டன்தான். மெல்னிக்குக்கு முப்பத்தாறு வயது. இதை விட்டால் கோப்பை இல்லை என்று அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

முதல் ஆட்டத்திலிருந்தே ஹாமில்டன்காரர்கள் அவனைப் பலகைச் சுவரோடு வைத்து இடித்தார்கள். அவன் ஆடுவது இடப்பக்கம், சுவரும் அந்தப் பக்கம். இடது தோள் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. ஆறாவது ஆட்டத்தில், ஆளுக்கு மூன்று வெற்றி என்று ஆகப்போகிற நேரத்தில், ஹாமில்டன் தடியன் ஒருவன் அவனை மோதித் தள்ளிவிட்டுக் குனிந்து சிரித்தான்.

"என்ன தாத்தா, தோளு எப்படி இருக்கு? உன் கூட்டாளி எல்லாத்தையும் சொல்லிட்டான்ல!"

சொல்லிவிட்டான், பத்து வருடச் சிநேகிதன் விற்றுவிட்டான். அன்று முழுக்க மெல்னிக்குக்கு அதே நினைப்பு. இத்தனை அடியும் எந்தத் தோளில் விழுந்தது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். கோபக்காரனுக்கு ஏது அவகாசம்!

ஏழாவது ஆட்டத்தன்று காலையில் கோச் டகலின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான்.

"கோச், திபோவுக்கு இடது கண்ணு சரியா தெரியாது. அந்தப் பக்கமா தாழ்வா அனுப்பினா, கிட்ட வந்த பிறகுதான் பாப்பான்."

டகல் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "எவ்வளவு நாளா?"

"பத்து வருஷமா."

"அவன் உன் சிநேகிதன்டா."

"ஹாமில்டன்காரன், கோச்."

அதற்கு மேல் டகல் எதுவும் கேட்கவில்லை. அவருக்கும் கோப்பை வேண்டும்.

சாயங்காலம் இரண்டு தோளிலும் வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டுக்கொண்டு மெல்னிக் இறங்கினான். இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு கோல். ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது மெல்னிக் அணியின் ஸ்வீடன்காரப் பையன் வட்டைத் திபோவின் இடப்பக்கமாகத் தரையோடு தள்ளினான். திபோ தலையைத் திருப்புவதற்குள் அது அவன் மட்டையைத் தாண்டி இன்னொருவனிடம் போய், அங்கிருந்து வலைக்குள் போய்விட்டது. அரங்கமே அதிர்ந்தது. மெல்னிக்குக்கு "ரெஜ்!" என்ற கத்தல் தொண்டை வரை வந்து நின்றிருந்தது.

ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல் இரண்டு அணியும் வரிசையில் நின்று கைகொடுத்தன. தொடர் முடியும்வரை மழிப்பதில்லை என்று இரண்டு மாதமாக வளர்ந்த தாடிகள், வீங்கிய முகங்கள். திபோ கடைசியில் வந்தான். கைகொடுக்காமல் கட்டிப்பிடித்துக்கொண்டான். அதுவும் வலது தோள் பக்கம் அழுத்தாமல், பார்த்துப் பதமாக.

"ஜெயிச்சுட்டடா கிழவா! இனிமே கையைப் பைக்குள்ள விட்டுக்க வேணாம்."

மெல்னிக் விலகிப் போகப் பார்த்தான், திபோ விடவில்லை.

"இடது தோளு ரொம்ப வலிக்குதா? கோச்சுக்காதடா. எந்தத் தோளு, எந்தத் தோளுன்னு எங்க ஆளுங்க உயிரை எடுத்துட்டானுங்க. இடதுன்னு சொல்லி வச்சேன்." சிரித்தான். பிறகு அவன் குரல் இறங்கியது. "அந்தக் கோலு... சத்தியமா எனக்குத் தெரியவே இல்லடா. நீ பக்கத்துல இருந்திருந்தா கத்தியிருப்ப."

முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டான். மெல்னிக்குக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

கோப்பையைக் கொண்டுவந்தார்கள். கேப்டன் வாங்கி, மூத்தவன் என்று முதலில் மெல்னிக்கிடம் கொடுத்தான். வாங்குகிறவன் தலைக்கு மேலே தூக்கி முத்தமிட்டுப் பனியைச் சுற்றி வருவதுதான் முறை. மெல்னிக் அதை நெஞ்சு வரைதான் தூக்கினான். ஒரு சுற்றுகூட வராமல் அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டான். "பாவம், தோள் வலி!" என்று வர்ணனையாளர் உருகினார், இருபதாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஊசியின் தயவில் அன்றைக்கு எந்தத் தோளிலும் வலியே இல்லை.